ஏரியும் சட்டமும்

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் செல்வோர், வில்லியனூர்க் கொம்யூனில் அகன்று பரந்த நீர்ப்பரப்பு ஒன்றைக் காண்பர். ஊசுட்டேரி என்பது அதன் பெயர். புதுச்சேரிப் பகுதியில் உள்ள ஏரிகளுள் இதுவே மிகப் பெரியது. இதற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது, தெற்கே பாகூர்க் கொம்யூனில் அமைந்த பாகூர் ஏரியாகும். சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கண்ணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரியை அடைகிறது. தென்பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. இவ்விரண்டு ஏரிகளையும் நம்பி வாழும் உழவர் பலர். மீன் பிடித்து உயிர் வாழ்வோரும் உளர்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை பொழிந்து ஏரிகள் நிறைந்ததும், வேற்று நாட்டு விருந்தினர் அங்கே வந்து சேர்கின்றனர். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நடு ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கே உள்ள குளிர் நாடுகளிலிருந்தும் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றன. நாமக்கோழியும் தாழைக்கோழியும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் அவற்றோடு கலந்து இரை தேடுகின்றன. நத்தை குத்தி நாரை வயலோரத்து நத்தைகளைப் பொறுக்கி உண்டு, கூலி பெறாமலே உழவர்க்குத் துணை செய்கிறது. பறவைகள் இடும் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது.

இத்தகைய பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்போரும், துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவோரும், நஞ்சு கலந்த தீனியைத் தூவிக் கொல்வோரும் எக்காலத்தும் இருந்து வந்துள்ளனர். அவர்களைத் தடுப்பது யார்? எந்த அதிகாரத்தால் தடுப்பது? தடுக்கும்போது, வேட்டையையே பிழைப்பாகக் கொண்ட ஏழைக்கு வேறு வழி காட்டுவது யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற முயற்சியே வேட்டைச் சட்டங்களின் வரலாறாகும்.

வேட்டையாடுதல் மனிதனின் தொன்மையான தொழில்களுள் ஒன்று. குறிஞ்சி நில மக்கள் விலங்கு வேட்டத்தாலும், நெய்தல் நில மக்கள் மீன் வேட்டத்தாலும் வாழ்ந்தனர். அந்நாளில் மக்கள் தொகை சிறிது, காடு பெரிது. வில்லும் வலையும் கொண்டு கொல்லப்பட்ட உயிர்களின் எண்ணிக்கையைப் பிறந்த உயிர்களின் எண்ணிக்கை ஈடு செய்தது. வெடிமருந்தும் துப்பாக்கியும் வந்தபின் இந்நிலை மாறிற்று. பசிக்காக வேட்டையாடியோரோடு பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளுவோரும் சேர்ந்தனர். அவர்கள் செய்த அழிவுக்கு இரண்டு சான்றுகள் கூறலாம்.

வட அமெரிக்காவில் பயணப் புறா என்னும் பறவையினம் கோடிக்கணக்கில் வாழ்ந்தது. அது கூட்டமாகப் பறக்கும்போது வானம் இருண்டதென்பர். இறைச்சிக்காகவும் விளையாட்டுக்காகவும் அதனைக் கொன்று குவித்தனர். அது கூடு கட்டிய காடுகளையும் வெட்டினர். அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச் சாலையில் உயிர் நீத்தது. நம் நாட்டில் இராசபுதனத்தைச் சேர்ந்த பரத்பூரின் ஏரியில், 1938-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் பொருட்டு நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. அவ்வெண்ணிக்கை அங்கே கல்லில் பெருமையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஏரி பின்னாளில் தேசியப் பூங்காவாகியது என்பது, மக்கள் எண்ணம் எவ்வளவு மாறிவிட்டது என்பதைக் காட்டும்.

ஆயினும், சட்டம் வருவதற்கு முன்பே பறவைகளைக் காத்த சிற்றூர் ஒன்று தமிழகத்தில் உண்டு. அது செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலப் படைவீரர் அவ்வூர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊர் மக்கள் அதனைப் பொறாது, மாவட்டக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளின் எச்சத்தால் ஏரி நீர் உரம் பெற்று விளைச்சல் பெருகுகிறது என்பதை அவர்கள் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூரார்க்கு அளித்து, 1798-ஆம் ஆண்டளவில் அவர் ஆணை பிறப்பித்தார். மேலிடத்திலிருந்து இறங்கி வந்த சட்டமன்று அது. உழவர் கேட்டுப் பெற்ற சட்டம். அதனாலேயே அது நிலைத்து நின்றது.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளுக்கென 1887-ஆம் ஆண்டில் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குஞ்சு பொரிக்கும் பருவத்தில், நகராட்சி எல்லைக்குள்ளும் படைமுகாம்களிலும் கொன்ற பறவைகளை வைத்திருப்பதையும் விற்பதையும் அது தடுத்தது. பின்னர் 1912-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட விலங்கு, பறவைகளை வேட்டையாடக் கூடாத காலத்தை வரையறுக்க வகை செய்தது. மீனைப் பொறுத்தவரையில் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் ஒன்று வந்தது. நீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கிற்று. வலையில் சிக்காத சிறு மீன் நாளை பெரிதாகும்; வெடியிலோ பெரியதும் சிறியதும் முட்டையும் ஒருங்கே அழியும். ஆகவே அத்தடை மிகவும் பொருத்தமானதே. எனினும், அக்காலச் சட்டங்களின் உள்நோக்கம் ஒன்றை நாம் மறத்தலாகாது. வேட்டைக்கு உரியவை குறைந்துவிடாமல் வேட்டைக்காரர்க்கே காத்து வைப்பது அவற்றின் முதன்மையான நோக்கமாக இருந்தது. உயிர்களை உயிர்களுக்காகவே காக்கும் எண்ணம் அவற்றில் அரும்பு நிலையிலேயே இருந்தது.

புதுச்சேரி மண்ணோ அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூரில், 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மக்களின் பேராளர் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டில் புதுச்சேரிக்குச் சட்டமன்றம் அமைந்தது. 1963-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையாலும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பிரெஞ்சுச் சட்டங்கள் பலவற்றுக்கு மாற்றாக இந்தியச் சட்டங்கள் இங்கே நடைமுறைக்கு வந்தன. ஆட்சி மாறும்போது சட்டமும் மாறுவது இயல்பு. ஆனால் ஏரியும் பறவையும் அப்படியே இருந்தன.

வன உயிர்களைக் காப்பது அன்று மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு சட்டத்தைக் கொண்டிருந்தது. ஓரிடத்தில் கொல்லத் தடை. எல்லையைக் கடந்தால் தடை இல்லை. இக்குறையை நீக்க விரும்பிய 11 மாநிலங்களின் சட்டமன்றங்கள், நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் எனத் தீர்மானம் இயற்றின. அரசமைப்பின் 252-ஆம் பிரிவு இதற்கு வழி தந்தது. அதன்படி 1972-ஆம் ஆண்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கோ பாராளுமன்றமே நேராகச் சட்டம் இயற்றலாம் ஆதலால், புதுச்சேரியும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. 1976-ஆம் ஆண்டில் அரசமைப்புக்குச் செய்யப்பட்ட 42-ஆம் திருத்தம், காடும் வன உயிரும் ஆகிய இரண்டையும் மைய அரசும் மாநிலங்களும் சட்டம் செய்தற்குரிய பொதுப் பட்டியலில் சேர்த்தது.

வேட்டை என்றால் என்ன என்பதற்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் விளக்கம் கருதத்தக்கது. கொல்லுதல் மட்டும் வேட்டையன்று. நஞ்சு இடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி அமைத்தல், விரட்டுதல், இரை காட்டி ஈர்த்தல் ஆகிய அனைத்தும் வேட்டையே. இவற்றைச் செய்ய முயல்வதும் வேட்டையே. பறவையின் முட்டையை எடுப்பதும், கூட்டைச் சிதைப்பதும் அவ்வாறே. ஏரிக்கரையில் விளையாட்டாகக் கூட்டின் மேல் கல்லெறியும் சிறுவன், தான் வேட்டையாடுவதாக எண்ணுவதில்லை; சட்டமோ அதனை வேட்டை என்றே எண்ணுகிறது.

தொடக்கத்தில் இச்சட்டம் உரிமம் பெற்று வேட்டையாட இடம் தந்தது. பெருவேட்டைக்கு ஓர் உரிமம், சிறுவேட்டைக்கு ஓர் உரிமம் என வகுத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமங்களை நீக்கியது. அன்று முதல், பட்டியலிட்ட விலங்கையும் பறவையையும் விளையாட்டுக்காகச் சுடும் உரிமை எவருக்கும் இல்லை. மனித உயிருக்குத் தீங்கு செய்வதாயினும், மீளா நோயுற்றதாயினும், தலைமை வன உயிர்க் காப்பாளரின் எழுத்து வடிவான ஆணையால் அதனைக் கொல்லலாம். தண்டனையும் காலப்போக்கில் கடுமையாயிற்று. 1972-இல் பொதுவான குற்றத்துக்குரிய தண்டத்தொகை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை ஒரு இலட்சம் ரூபாயாக உயர்த்தியது.

ஊசுட்டேரியின் வரலாற்றில் 2008-ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் புதுச்சேரி அரசு, தன் எல்லைக்குள் அடங்கிய ஏறத்தாழ 390 எக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் மற்றொரு பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் கிடந்தது. அப்பகுதி 2014-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டு அரசால் சரணாலயமாக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் ஒரே ஏரியில் இருவகை நிலை நிலவிற்று. புதுச்சேரிப் பக்கத்தில் நீந்திய வாத்து, சரணாலயத்தின் காவலில் இருந்தது. அதே வாத்து தமிழ்நாட்டுப் பக்கம் சென்றால், அக்காவல் அதனைத் தொடரவில்லை. பறவைக்கு எல்லைக்கல் தெரியாது. ஆதலால் அயலான் சட்டமும் நம் சட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தே, 1916-இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. வலசை செல்லும் உயிர்களைக் காக்கும் உலக உடன்படிக்கையில் இந்தியா 1983-இல் சேர்ந்தது.

சரணாலயம் என்று அறிவித்த அளவில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஏரியில் வலை வீசியோர், கரையில் ஆடு மாடு மேய்த்தோர், கோரை அறுத்தோர் என உரிமை கோருவோர் பலர் இருப்பர். அவர்களின் கோரிக்கையைக் கலெக்டர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்துள்ளது. தக்கதெனக் கண்டால், வன உயிர்க் காப்பாளரைக் கலந்து அவ்வுரிமை தொடரவும் விடலாம். இவ்விதியைப் பொறுமையோடு நிறைவேற்றும் இடத்தில் மக்கள் ஏரிக்குக் காவலராவர். அதனைப் புறக்கணிக்கும் இடத்தில் அவர்கள் சட்டத்தை வெறுப்பர்; வெறுக்கும் மக்கள் நடுவே எத்தனைக் காவலர் நின்றும் பயனில்லை.

பாகூர்க் கொம்யூனில் ஏரியோடு கடலும் உண்டு. நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அக்கடற்கரையில் உள்ளன. மீன்வளம் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. கீழைக் கடலில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அது மீன்கள் இனம் பெருக்கும் காலம் எனக் கருதப்படுகிறது. புதுச்சேரியின் ஒரு பகுதியான மாகி மேலைக் கடலில் இருப்பதால், அங்கே இத்தடை ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை 31 வரை நிற்கிறது. ஒரே ஆட்சிப் பகுதிக்குள்ளும் கடலுக்கேற்பச் சட்டம் வேறுபடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. உலை வைக்க வழி செய்யாமல் வலையை மடக்கச் சொல்வது அறமாகாது அன்றோ?

கடல்வாழ் உயிர்கள் சிலவும் வன உயிர்ச் சட்டத்தின் காவலைப் பெற்றுள்ளன. 2001-ஆம் ஆண்டில் திமிங்கிலச் சுறாவும், கடல் அட்டையும், கடற்குதிரையும் அதன் பட்டியலில் சேர்ந்தன. இக்கடற்கரை மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும் உயர்ந்த பாதுகாப்புக்கு உரியது. வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்கும் மீனவர், சட்டத்தை மட்டுமன்றிக் கடலையும் காக்கின்றார்.

இனி, சட்டத்தால் துன்புற்றோரைப் பற்றியும் எண்ணிப் பார்ப்போம். பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர் இருளர். நாட்டுத் துப்பாக்கி ஏந்திக் காடையும் கவுதாரியும் சுட்டு விற்றவர் நரிக்குறவர். 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர்த் தோல் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் இவர்கள் பிழைப்பை ஒரே அடியில் அறுத்தன. நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. மாளிகையில் இருந்துகொண்டு விளையாட்டாக வேட்டையாடியவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டனர். குடிசையில் இருந்தவர்க்கோ வேறு சோறு இல்லை.

இருளர் வகையில் இதற்கு ஒரு தீர்வு கிடைத்தது. 1978-ஆம் ஆண்டில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர் இதற்குத் துணை நின்றார். உரிமம் பெற்ற உறுப்பினர் பாம்பைப் பிடிப்பர். நஞ்சை மட்டும் எடுப்பர். பின்னர்ப் பாம்பைக் காட்டிலே விட்டுவிடுவர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. வயலில் பாம்பு தீண்டிய உழவர் உயிர் பிழைப்பது, இருளரின் பழைய அறிவு புதிய வழியில் பயன்பட்டதன் விளைவே. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சட்டம் ஒரு கதவை அடைக்கும்போது மற்றொரு கதவைத் திறக்கக் கூடும் என்பதற்கு இது சான்று. நரிக்குறவரோ பெரும்பாலும் ஊசி, மணி விற்றுக் காலம் தள்ளலாயினர். அவர்க்கு அத்தகைய கதவு அகலத் திறக்கவில்லை.

உழவரின் குறையும் கேட்கத்தக்கதே. மயில் 1963-ஆம் ஆண்டில் நாட்டுப் பறவையாயிற்று. சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இடம்பெற்றது. பேகன் போர்வை அளித்துப் போற்றிய பறவை அது. ஆயினும் விதைத்த நெல்லையும் கடலையையும் அது கிளறித் தின்னும்போது உழவர் உள்ளம் வருந்துகிறது. பயிரைக் காக்க நஞ்சிடுவது குற்றம். பேசாமல் இருப்பது இழப்பு. பட்டியலிட்ட சில உயிர்களைக் குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் மட்டும் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரம் மைய அரசுக்கு உண்டு. பீகாரில் நீலான் என்னும் விலங்கும், இமாசலப் பிரதேசத்தில் குரங்கும் முன்னர் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. முதல் அட்டவணை உயிர்க்கு அவ்வழியும் இல்லை. எனவே இழப்பீடு விரைந்து கிடைக்கச் செய்வதே அறிவுடைமை. காப்பதன் பயன் நாட்டுக்கு உரியதாயின், காப்பதன் செலவும் நாட்டுக்கு உரியதாதல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் இச்சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகக் குறைந்தன. காகத்தையும் எலியையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் எனப் பிரித்து வைத்திருந்த பழைய அட்டவணை நீங்கிற்று. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளும் சேர்க்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளில் இச்சட்டம் பலமுறை திருத்தம் பெற்றுள்ளது. இதனைச் சிலர் குறையாகக் கருதுவர். அது குறையன்று. ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதாகும். அவற்றைக் காலத்தில் சீர் செய்வதற்கே நம் முன்னோர் குடிமராமத்து என்னும் முறையை வகுத்தனர். தூர் வாராத ஏரியில் நீர் நில்லாது. அதுபோலவே, புதிய ஆயுதங்களையும் புதிய வணிகத்தையும் மக்களின் புதிய தேவைகளையும் நோக்கிச் செப்பம் செய்யப்படாத சட்டத்தில் நீதி நில்லாது.

மேலும், துப்பாக்கியைத் தடுத்துவிட்டால் மட்டும் பறவை பிழைத்துவிடும் என்று எண்ணலாகாது. ஏரியில் கழிவு கலந்தால், வண்டல் மண்டினால், வரத்து வாய்க்கால் அடைபட்டால், வேட்டைக்காரன் இல்லாமலே பறவை அகன்றுவிடும். இதனைக் கருதியே 2010-ஆம் ஆண்டிலும், அதற்கு மாற்றாக 2017-ஆம் ஆண்டிலும் நீர்நிலங்களைக் காக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. உயிரைக் காக்க விரும்புவோர் அவ்வுயிரின் வீட்டையும் காத்தல் வேண்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாகூரில் கல்விச் சாலை ஒன்று இருந்தது. அதற்கு ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு கூறுகிறது. அறிவுக்கு இடம் தந்த அம்மண்ணில் பிறந்தோர், ஏரிக்கும் இடம் தருவர் என நம்பலாம். காடு, ஏரி, ஆறு, வன உயிர் ஆகியவற்றைப் பேணுவதும், உயிர்களிடத்தில் இரக்கம் கொள்வதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது. இக்கடமையை நிறைவேற்றப் பெரிய பதவி வேண்டுவதில்லை. கூட்டைக் கலைக்காதிருத்தல், கண்ணியைக் கண்டால் வனத்துறைக்கு அறிவித்தல், விற்க வரும் காட்டுப் பறவையை வாங்க மறுத்தல், ஏரியில் குப்பை கொட்டாதிருத்தல் ஆகியவை இளைஞர் எவரும் செய்யக் கூடியவை. வாங்குவோர் இல்லாவிடின் விற்போர் இரார். விற்போர் இல்லாவிடின் கண்ணி வைப்போரும் இரார். வேடந்தாங்கல் உழவர் தாமே முன்வந்து கேட்டுப் பெற்ற காவலை, வில்லியனூர், பாகூர் மக்களும் தம் ஏரிகளுக்குத் தருவாராயின், கார்த்திகைதோறும் வரும் விருந்தினர் வழி மாறாது வந்துகொண்டே இருப்பர்.